மங்கிய படகுக்கு மீண்டும் மெருகு

மும்பையின் வெர்ஸோவா, குஜராத்தின் வேராவல், கொச்சி, அந்தமான் என எந்தக் கரைக்குச் சென்றாலும் இன்று கண்ணாடி இழைப் படகுகளைக் காண்கிறோம். வாங்கிய ஆண்டில் அவை கண்ணைப் பறிக்கும். பக்கத்தில் சென்று குனிந்தால் நம் முகம் தெரியும். நான்கைந்து கோடைகள் கழிந்தபின் அதே படகைப் பார்த்தால், நீலம் சாம்பல் பூத்து, சிவப்பு வெளிறி, தொட்ட விரலில் சுண்ணாம்புத் தூளைப் போல ஒன்று ஒட்டும். "படகு கிழடு தட்டிவிட்டது, பெயிண்ட் அடித்துவிட வேண்டியதுதான்" என்று உரியவர் முடிவு கட்டிவிடுவார். பெரும்பாலும் அது அவசர முடிவு. அடிப்பதற்குப் பெயிண்ட் செலவு ஒருபுறம். ஒருமுறை அடித்தால் இரண்டொரு ஆண்டுகளுக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பது மறுபுறம். பழைய மெருகையே திரும்பக் கொண்டுவர வழி உண்டா, அதை எந்த முறையில் செய்யவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

டில்லியிலும் நாகபுரியிலும் வாழும் அன்பர்கள், "கடலே காணாத எங்களுக்குப் படகுப் பேச்சு எதற்கு?" என்று கேட்கலாம். ஏரிகளில் மிதிபடகு விடும் ஊர்கள் வடக்கே பல உண்டு. அவற்றில் ஓடுபவையும் பெரும்பாலும் இதே சரக்குதான். மாடியில் வேய்ந்த பைபர் தகடு சில ஆண்டுகளில் மங்கி, மேலே மயிர் முளைத்தாற்போல நார் எழும்பி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். படகுக்கு வரும் நோயும் அதே நோய்தான்.

முதலில் இந்தச் சரக்கு யாது என்பதைத் தெரிந்துகொள்வோம். உருக்கிய கண்ணாடியை மயிரிழையினும் மெல்லிய நாராக இழுத்து, அதைத் துணியாகவோ பாயாகவோ செய்து, பாலியெஸ்டர் என்னும் பிசினில் தோய்த்து இறுகவிட்டால் கிடைப்பது கண்ணாடி இழைப் பிளாஸ்டிக். இழை பலம் தருகிறது. பிசின் அந்த இழைகளைக் கட்டிவைக்கிறது. 1930களில் அமெரிக்காவில் கண்ணாடி இழை தொழில் முறையில் செய்யப்படலாயிற்று. 1940களில் இதைக்கொண்டு படகுகள் கட்டத் தொடங்கினார்கள். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு இதற்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் சூட்டிவிட ஆசைதான். 'கண்ணாடி இழை' என்ற சொல் ஏட்டில் நிலைத்துவிட்டது. ஆயினும் கடற்கரையில் சென்று கேட்டால் 'பைபர்' என்றால்தான் விளங்கும். பிசின் என்றால் விழிப்பார்கள், 'ரெசின்' என்றால் தலையசைப்பார்கள். ஆகையால் இக்கட்டுரையில் பட்டறையில் வழங்கும் சொற்களையே பெரும்பாலும் கையாள்கிறோம்.

நம் நாட்டில் இது பரவிய வரலாறும் அதிகப் பழமையானதன்று. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலை புரளும் கரையில் ஏற்றி இறக்கத்தக்க படகுகளை ஆராய்ந்தது. கொச்சியில் 1957இல் நிறுவப்பெற்ற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், ரப்பர் மரத்தில் செய்த ஓடங்களுக்குக் கண்ணாடி இழைப் போர்வை இடும் முறையை உருவாக்கியது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப் பேரலைக்குப் பிறகு நிவாரணமாக வழங்கப்பட்ட பைபர் படகுகள் சோழமண்டலக் கரையின் தோற்றத்தையே மாற்றிவிட்டன. கோவாவில் கட்டப்பட்ட 'தாரிணி' என்னும் கடற்படைப் பாய்க்கப்பலின் உடலும் மரத்தை நடுவில் வைத்துக் கண்ணாடி இழையால் பொதிந்ததுதான். 2024 அக்டோபர் 2 அன்று புறப்பட்டு 2025 மே 29 அன்று கோவாவுக்குத் திரும்பிய அந்தக் கப்பலில் உலகைச் சுற்றியவர்கள் இரண்டே பெண் அதிகாரிகள்: தில்னா, ரூபா. பின்னவர் புதுச்சேரியைச் சேர்ந்தவர்.

இனி நம் பொருளுக்கு வருவோம். மரப்படகைச் செய்து முடித்தபின் அதன்மேல் பூச்சு இடுகிறோம். பைபர் படகு இதற்கு நேர்மாறாகப் பிறக்கிறது. படகின் வடிவில் குடைவான அச்சு ஒன்று இருக்கும். அதன் உட்புறத்தைக் கண்ணாடிபோல் தேய்த்து மெழுகு பூசுவார்கள். பிறகு வர்ணம் கலந்த கெட்டியான ரெசினை அதில் முதலில் பூசுகிறார்கள். இதற்கு 'ஜெல் கோட்' என்று பெயர். அது சற்று இறுகியபின் கண்ணாடிப் பாயும் ரெசினும் மாறி மாறி அடுக்கப்படும். எல்லாம் இறுகியதும் அச்சிலிருந்து படகைப் பெயர்த்தெடுத்தால், முதலில் பூசியது வெளித் தோலாக வந்து நிற்கும். புதுப் படகின் பளபளப்பு அச்சின் பளபளப்பே அன்றி வேறன்று. இந்தத் தோலின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். இரண்டு அஞ்சல் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அவ்வளவு இருக்கும். உள்ளே இருக்கும் இழை அடுக்குகளுக்குள் நீர் புகாமல் காப்பது இதுவே. மெருகேற்றும் வேலை முழுவதும் இந்த இரண்டு அட்டைக் கனத்துக்குள் நடக்கவேண்டும் என்பதை வாசகர்கள் மனத்தில் பதித்துக்கொள்வது நலம். கூலிக்கு வரும் ஆளுக்கும் இதைச் சொல்லிவிடவேண்டும்.

தோல் மங்குவது ஏன்? வெயிலில் நம் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. அவை ரெசினின் மூலக்கூறுச் சங்கிலிகளைச் சிறிது சிறிதாக அறுக்கின்றன. காற்றிலுள்ள பிராணவாயு அறுந்த இடங்களில் வந்து கூடுகிறது. மேற்பரப்பில் ரெசின் அரித்துப்போக, பிடிமானம் இழந்த வர்ணத் துகள்கள் தூளாக உதிர்கின்றன. கையில் ஒட்டும் சுண்ணாம்பு இதுதான். வழவழப்பான பரப்பில் விழும் ஒளி ஒரே திசையில் திரும்புவதால் முகம் தெரிகிறது. நுண்ணிய குழிகள் நிறைந்த பரப்பில் விழும் ஒளி நாற்புறமும் சிதறுவதால், சுவரைப் பார்ப்பது போல இருக்கிறது. இதற்கு எளிய சான்று ஒன்று உண்டு. மங்கிய படகின்மேல் ஒரு செம்பு நீரை ஊற்றிப் பாருங்கள். நனைந்த இடம் புதிதுபோல் நிறம் காட்டும். உலர்ந்ததும் மறுபடி வெளுக்கும். நீர் குழிகளை நிரப்பியதால் வந்த மாற்றம் அது. நனைத்தால் நிறம் திரும்புகிறது என்றால், அடியில் நல்ல தோல் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

பழைய படகு விற்போர் சிலர் இதே தத்துவத்தை வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். வாங்குபவர் வரும் நாளில் எண்ணெயோ டீசலோ தோய்த்த துணியால் படகைத் துடைத்துவிடுவார்கள். காலையில் மின்னும், பத்து நாளில் புழுதி பிடித்துக் கறுத்துவிடும். பழைய படகு வாங்கச் செல்பவர்கள் சோப்பு நீரும் ஒரு துணியும் கையோடு கொண்டுசென்று, ஓரிடத்தைக் கழுவிப் பார்த்தபின் விலை பேசுவது உசிதம். படகு ஒன்றின் விலை சிறு தொகையன்று; அதுவும் கடன் வாங்கிச் செலுத்துபவருக்கு.

வேலையைத் தொடங்குமுன் படகை நன்னீரால் கழுவி, உப்பை முற்றிலும் போக்கவேண்டும். உப்புப் படிகம் ஒட்டியிருக்கத் தேய்த்தால் அதுவே கீறலை உண்டாக்கும். கொட்டலசும் பாசியும் ஒட்டியிருந்தால் மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன தகட்டினால் சுரண்டி எடுக்கலாம். இரும்பு உளியைக் கையில் எடுக்கவேண்டாம். நீர்மட்டத்தில் படியும் மஞ்சள் கறைக்கும், ஆணிகளிலிருந்து வடியும் துருக்கறைக்கும் ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் நல்ல மருந்து. புளியாரைக் கீரையின் புளிப்புக்குக் காரணமான பொருள்தான் இது. என்றாலும் கடையில் விற்கும் தூள் நஞ்சு. கையுறை அணிந்து பூசி, சில நிமிடங்களில் நிறைய நீர்விட்டுக் கழுவிவிடவேண்டும். குழந்தைகள் எட்டும் இடத்தில் வைத்தல் ஆகாது.

கழுவி உலர்ந்த படகை இப்போது கண்ணாலும் கையாலும் பரிசோதிக்கவேண்டும். தூள் மட்டும் ஒட்டினால் மெருகு ஏற்றத் தகுந்த படகு. சிலந்தி வலைபோல் வெடிப்புகள் ஓடினால், அவ்விடத்தில் அடிபட்டோ வளைந்தோ இருக்கிறது. அதை மெருகு தீர்க்காது. நீருக்குள் இருக்கும் பகுதியில் கொப்புளங்கள் தெரிந்தால், தோல் வழியே கசிந்த நீர் உள்ளே கரையும் பொருள்களோடு கூடி வீங்கியிருக்கிறது என்று பொருள். குத்தினால் காடிபோல் புளித்த வாடையுடன் நீர் வரும். அதைத் திறந்து, பல வாரம் உலர்த்தி, அடைக்கவேண்டும். தோலின் ஊடே இழைப் பின்னல் நிழலாகத் தெரிந்தாலோ, தோல் தீர்ந்துவிட்டது. இனித் தேய்ப்பது படகையே தேய்ப்பதாகும்.

பரிசோதனையில் தேறிய படகுக்கு எந்த அளவு மருந்து? இங்கேதான் பலர் ஆத்திரப்பட்டு, எடுத்த எடுப்பில் கரடுமுரடான உப்புத்தாளைக் கையில் எடுக்கிறார்கள். மறைவான ஓரிடத்தில் ஒரு சதுர அடி ஒதுக்கி, மிக மென்மையானதில் தொடங்கிப் பார்க்கவேண்டும். முதலில் பாலிஷ். அதில் ஒளி வந்துவிட்டால் அதோடு நின்றுகொள்ளலாம். வராவிட்டால் ரப்பிங் காம்பவுண்ட் என்னும் சற்றுக் கடினமான பசை. அதற்கும் மசியாமல், தேய்த்த சற்று நேரத்தில் மீண்டும் வெளுத்தால் மட்டுமே வாட்டர் பேப்பர். இரண்டு ஆண்டு மங்கலுக்குப் பாலிஷ் போதும். பத்தாண்டு கவனிக்காமல் விட்டதற்குத் தாள் தேவைப்படலாம்.

தாள் வேலையில் பொறுமை வேண்டும். மிகவும் மோசமானதற்கு 600 நம்பர், அல்லாதவற்றுக்கு 800 அல்லது 1,000 நம்பரில் தொடங்கி, 1,500, 2,000 என ஏறவேண்டும். நம்பர் கூடக் கூடத் தாள் மென்மையாகும். ஒவ்வொரு தாளும் அதற்கு முந்தைய தாளின் கீறலை அழிக்கிறது. இடையில் ஒன்றைத் தாண்டிச் சென்றால் பழைய கீறல், மெருகு ஏறியபின் வெயிலில் பல்லிளிக்கும். தாளை ரப்பர்க் கட்டையில் சுற்றி, வாளி நீரில் இரண்டு சொட்டுச் சோப்புவிட்டு, எப்போதும் நனைத்தபடியே தேய்க்கவேண்டும். வெறும் விரலால் அழுத்தினால் விரல் பட்ட இடம் பள்ளமாகும். பழகிய தொழிலாளர் கையாளும் ஓர் உபாயம் நமக்குப் பிடித்தமானது: தேய்க்கப்போகும் இடத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் மெல்லிய கோடுகள் இட்டுவிடுவார்கள். கோடுகள் மறைந்ததும் கை நின்றுவிடும். எங்கே தேய்த்தோம், எங்கே விட்டோம் என்ற ஐயத்துக்கே இடமில்லை. விளிம்புகளிலும் மூக்குப் பகுதியிலும் தோல் விரைவில் தேய்ந்துவிடும். அங்கே தாளை மறந்துவிட்டுக் கையால் காம்பவுண்ட் தேய்ப்பதே போதும்.

அடுத்தது காம்பவுண்ட். இதைக் கையாலும் செய்யலாம். ஆனால் 25 அடிப் படகைக் கையால் தேய்த்தவர் மறுமுறை அதைச் செய்யமாட்டார். கம்பளித் திண்டு பொருத்திய பஃபிங் மெஷின் வேண்டும். நிமிடத்துக்கு 1,000 முதல் 2,000 சுற்றுக்குள் ஓடுவது தகுந்தது. பல பட்டறைகளில் இரும்பு அறுக்கும் கிரைண்டரிலேயே திண்டை மாட்டி ஓட்டுவதைக் காண்கிறோம். அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். கணநேரத்தில் தோல் சூடேறி மஞ்சளித்துக் கருகிவிடும். அதைக் கண்டிப்பாக விலக்கவேண்டும். இரண்டடிச் சதுரமாகப் பிரித்துக்கொண்டு, பசையைப் பரப்பி, மெஷினை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும். பசை உலரும் முன் துடைத்துவிட வேண்டும். நிழலில், படகு தொட்டால் குளிர்ந்திருக்கும் வேளையில் செய்யவேண்டும். வெயிலில் செய்தால் பசை வறண்டு அப்பிக்கொள்ளும். நனைந்த மணலில் நின்று மின்கருவி ஓட்டுவது உயிருக்கு உலை வைப்பதாகும். தாள் வேலையின் ஈரம் முற்றிலும் உலர்ந்தபின், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் உள்ள இணைப்பிலிருந்தே மெஷினுக்கு மின்சாரம் எடுக்கவேண்டும்.

பாலிஷ் முடிந்து படகு மின்னத் தொடங்கியதும் வேலை முடிந்தது என்று பலர் வீட்டுக்குச் சென்றுவிடுகிறார்கள். இப்போதுதான் தோல் அதிக ஆபத்தில் இருக்கிறது. புதிதாகத் திறந்த பரப்புக்கு எவ்விதக் காப்பும் கிடையாது. மெழுகு பூசாமல் விட்டால் சில மாதங்களிலேயே மறுபடி வெளுக்கும். படகு மெழுகுகளில் பெயர் பெற்றது கார்னூபா. பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையில் படியும் மெழுகு அது. 80 பாகைக்கு மேல்தான் உருகும். ஆகையால் நம் ஊர் வெயிலைத் தாங்கும். மெல்லியதாகப் பூசி, மங்கலாக உலர்ந்ததும் சுத்தமான துணியால் தேய்த்தெடுத்து, மீண்டும் ஒருமுறை பூசவேண்டும். நம் கடற்கரை வெயிலில் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிப்பது நல்லது. நீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டால் மெழுகு இருக்கிறது. படர்ந்து பரவினால் தீர்ந்துவிட்டது. ஓர் எச்சரிக்கை: சிலிக்கோன் கலந்த பாலிஷ்கள் மலிவாகக் கிடைக்கும், பளபளப்பும் உடனே வரும். ஆனால் பின்னாளில் அவ்விடத்தில் பெயிண்டோ ஜெல் கோட்டோ ஒட்டாது. மீன்கண் போல வட்டம் வட்டமாக விலகும். ஒட்டுப்போடும் தேவை அடிக்கடி வரும் தொழில் படகுக்கு அது ஏற்றதன்று.

நீருக்குள் இருக்கும் அடிப்பகுதிக்கு இந்த மெருகும் மெழுகும் வீண் செலவு. எப்போதும் நீரில் கட்டிக்கிடக்கும் படகுக்கு அங்கே கொட்டலசு ஒட்டாமல் தடுக்கும் தனிப் பெயிண்ட் வேண்டும். நாள்தோறும் மணலில் ஏற்றும் படகுக்கோ வேறு கவலை. அதன் அடிக்கட்டை மணலில் உராய்ந்து தோல் போய், இழை வெளியே தெரிந்துவிடும். மெருகுக்குச் செலவிடப் பணம் குறைவாக இருந்தால், முதலில் அந்த அடிக்கட்டைக்குத்தான் செலவிடவேண்டும் என்பது நம் அபிப்பிராயம். இழை வழியே ஊறும் நீர் படகின் எடையைக் கூட்டும்; கூடிய எடை எரிபொருளைத் தின்னும். பக்கம் மின்னுவதும் மங்குவதும் அதற்குப் பின்தான்.

தோல் தீர்ந்துவிட்ட இடத்தில் புதிய ஜெல் கோட் பூசவேண்டியிருக்கும். இதில் கலக்கும் ஹார்டனரைப் பற்றி ஒரு வார்த்தை உரக்கவே சொல்லவேண்டும். நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரையில்தான் அது சேர்க்கப்படுகிறது. நீர்போல் தெளிவாக இருப்பதால் அதன் கொடுமை தெரிவதில்லை. கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வைக்கே மோசம் வரும். கண்ணாடி அணியாமல் அதைத் தொடலாகாது. தெறித்துவிட்டால் அந்தக் கணமே ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, மருத்துவரிடம் செல்லவேண்டும். கோபால்ட் முடுக்கி என்னும் ஊதாநிறத் திரவத்தோடு ஹார்டனரை நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். முடுக்கியை ரெசினில் நன்றாகக் கலக்கியபின்னரே, தனியாக ஹார்டனரைச் சேர்க்கவேண்டும். இரண்டையும் ஒரே அலமாரியில் அருகருகே வைப்பதும் தவறு. முடுக்கி ஏற்கெனவே கலந்த ரெசினாகக் கேட்டு வாங்கினால் இந்த அபாயம் பெரிதும் நீங்கும். இன்னொன்று: காற்றுப் படும் பக்கத்தில் சாதாரண ஜெல் கோட் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். அச்சுக்குள் அதற்குக் காற்றுப் படுவதில்லை. படகின்மேல் பூசும்போது படும். ஆகவே மெழுகுக் கரைசல் கலந்த வகையை வாங்கிப் பூசவேண்டும். பக்கம் முழுவதுமே தீர்ந்துவிட்டிருந்தால் இரு பகுதி பாலியூரித்தேன் பெயிண்ட் அடிப்பதே சிக்கனம். முதலில் நாம் குறை கூறிய பெயிண்ட், இங்கே தக்க மருந்தாகிறது.

கோவாவிலும் கொச்சியிலும் மும்பையிலும் படகுப் பட்டறைகளில் கூலிக்குத் தேய்க்கும் நம்மவர் சிலரேனும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக இதைச் சொல்கிறோம். உலர்வாகத் தேய்க்கும்போது எழும் தூளில் கண்ணாடி இழைத் துணுக்குகளும் இருக்கும். தோளில் கிடக்கும் துண்டை வாயில் கட்டிக்கொள்வது அதைத் தடுக்காது. தூளை வடிகட்டும் முகமூடி வேண்டும். ரெசின் பூசும்போது எழும் ஸ்டைரீன் ஆவிக்கு அதுவும் போதாது, கரி நிரப்பிய மூடியும் நல்ல காற்றோட்டமும் வேண்டும். அந்த ஆவி தீப்பற்றக் கூடியது. பீடி பற்றவைக்கும் இடம் பட்டறைக்கு வெளியேதான். அரிப்பெடுத்த தோலைச் சொறியாமல் குளிர்ந்த நீரில் அலசவேண்டும். வேலை உடுப்பை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது. முகமூடி கேட்டால் முதலாளி முகம் சுளிக்கலாம். கேட்கவே வேண்டும், நெஞ்சில் படிந்த தூளைக் கழுவி எடுக்க மருந்து கிடையாது.

இவ்வளவு பாடுபட்டு ஒரு பழைய படகைக் காப்பாற்றுவானேன் என்ற கேள்விக்கு மற்றொரு விடையும் இருக்கிறது. மரப்படகு மக்கினால் மண்ணாகும், அடுப்புக்கும் ஆகும். இரும்புப் படகை உருக்கலாம். இறுகிய ரெசின் உருகுவதில்லை, மக்குவதுமில்லை. கரையோரங்களில் கைவிடப்பட்ட பைபர் படகுகள் கவிழ்ந்து கிடப்பதைப் பல ஊர்களில் காண்கிறோம். சிலர் அவற்றுக்குத் தீ வைக்கிறார்கள். கறும்புகை நச்சுப் புகை, எஞ்சும் இழை மணலில் கலந்து காலில் தைக்கும். ஒரு படகின் ஆயுளைப் பத்தாண்டு நீட்டினால் அந்தக் குவியலில் சேரவேண்டிய ஒன்று பத்தாண்டு தள்ளிச் சேருகிறது.

மேற்குக் கரையில் மழைக்காலம் தொடங்குமுன் இவ்வேலையை முடித்துவிடுவது வசதி. ஈரக்காற்றில் ஜெல் கோட் சரிவர இறுகாது. படகு ஓய்ந்திருக்கும் மாதங்களில் அதை வெட்டவெளியில் விடாமல், தென்னங்கீற்றுப் பந்தலின்கீழ் நிறுத்தினால் மெழுகுச் செலவில் பாதி மிச்சமாகும். பந்தலுக்கு வழியில்லாதவர்கள் தார்ப்பாய் போடலாம். பாயைப் படகோடு ஒட்ட இறுக்கிக் கட்டினால் காற்றில் உராய்ந்து அதுவே உப்புத்தாளின் வேலையைச் செய்யும். அடியில் ஈரமும் தங்கும். குறுக்கே இரண்டு மூங்கில்களை வைத்து, ஒரு சாண் இடைவெளி விட்டுப் போர்த்துங்கள்.